கார் நிறுத்தும் இடத்தில் கல்லா மண்ணா

என் மகனே,

நீ பிள்ளைகளோடு மாட்டுத்தாவணியில் சென்னைப் பேருந்து ஏறி எட்டு நாளாகிறது. போய்ச் சேர்ந்ததும் ‘வந்துட்டோம்ப்பா’ என்று ஒரு செய்தி அனுப்பினாய். அதற்குக் கீழே இன்னொன்று: ‘சாரிப்பா, எங்களால உங்களுக்குச் சங்கடம்.’ அந்த இரண்டாவது வரியைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. கைபேசியிலேயே பதில் தட்டிப் பார்த்தேன். என் கோபம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்குவதாக இல்லை. அதனால்தான் கோடு போட்ட தாளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நீ என்ன சங்கடத்தை உண்டாக்கினாய்? எதற்கு அந்த சாரி? இரண்டு குழந்தைகள் மழை நாளில் ஓடியாடியதற்கு, முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை பெற்ற தகப்பனிடம் மன்னிப்புக் கேட்கிறான் என்றால், அந்தத் தகப்பன் அவனுக்கு எதையோ தப்பாகக் கற்றுக்கொடுத்திருக்கிறான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி. உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், நீ ஊருக்குப் போன பிறகு நடந்ததும் வரும்.

மருமகள் சாராவுக்கு ஆஸ்பத்திரியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் டியூட்டி. அவளுக்கு ஓய்வு கொடுக்கவும், எங்களுக்குப் பேரப்பிள்ளைகளைக் காட்டவும் நீ ஒற்றை ஆளாக இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை விடியற்காலையில் வந்து இறங்கினாய். வைகை அணைப் பூங்காவுக்குப் போகிறோம் என்று ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தோம். ஏழு வயது ஆரோன் அணையில் எத்தனை மதகு என்று கேட்டுக் கேட்டு என்னைப் போனில் துளைத்தான். நாலு வயது நிம்மி புதுச் செருப்போடு வந்திருந்தாள். ஏழு மணிக்கு, பேசி வைத்திருந்த வாடகை வண்டிக்காரர் போனில் கூப்பிட்டார். “சார், ஆண்டிபட்டிப் பக்கமெல்லாம் தண்ணியாக் கெடக்காம். இன்னிக்கு வண்டி எடுக்க முடியாது, கோவிச்சுக்கிறாதீங்க.” வெளியே மழை சட்டி சட்டியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆரோன் பால்கனிக்குப் போய் மழையைத் திட்டினான். நிம்மி அழவில்லை, ஆனால் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று வாசல் கதவுக்குப் பக்கத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வண்டி மனம் மாறி வந்துவிடும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

அப்போது நீ செய்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ராத்திரி முழுக்க இரண்டு பிள்ளைகளைக் கால்மாட்டிலும் தலைமாட்டிலும் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தவன், கண் சிவந்திருந்தது, ஒரு மணி நேரம் படுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் உன் வயதில் அதைத்தான் சொன்னேன். நீ சாப்பாட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, “பயணிகள் கவனத்திற்கு, மதுரையிலிருந்து வைகை அணை செல்லும் விரைவு வண்டி” என்று அறிவித்தாய். உன் அம்மா இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு, “டிபன், டிபன்” என்று பெட்டி பெட்டியாக விற்றாள். நிம்மி செருப்போடேயே முதல் நாற்காலியில் ஏறிக்கொண்டாள். வண்டி சோழவந்தானைத் தாண்டுவதற்குள் வாசல் மணி அடித்தது. வாட்ச்மேன் பாண்டி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “சார், சேரை இழுக்குற சத்தம் கீழ் வீட்டுல ரொம்பக் கேக்குதாம். செக்ரட்டரி சார் சொல்லிட்டு வரச் சொன்னாரு.” நீ உடனே கீழே இறங்கிப் போய், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாய். அது அன்றைக்கு முதல் மன்னிப்பு. நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். வாளித் தண்ணீரில் காகிதக் கப்பல், சப்பாத்தி மாவில் யானை, பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து பிடிக்கிற விளையாட்டு எல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிட்டன. இரண்டு படுக்கையறை வீட்டில் ஒளிவதற்கு எத்தனை இடம் இருக்கும்? மூன்று மணிக்கு ஆரோன் தங்கையைக் கடித்துவிட்டான். அவள் அவன் வரைந்த அணையைக் கிழித்துவிட்டாள். மழைநாளில், மூடிய வீட்டில், தூங்காத இரண்டு குழந்தைகளோடு மத்தியானம் மூன்று மணி என்பது எம்புட்டு நீளம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நீ கைபேசியைக் கையில் கொடுத்துத் தப்பித்திருக்கலாம். கொடுக்கவில்லை. “வாங்க, கீழ பார்க்கிங்ல மழை விழாது, அங்க போய் வெளையாடுவோம்” என்றாய். நான் அப்போதே உன்னைத் தடுத்திருக்க வேண்டும். அங்கே என்ன எழுதித் தொங்குகிறது என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. தடுக்க வாய் வரவில்லை. யாரும் பார்க்கமாட்டார்கள், அரை மணி நேரத்தில் மேலே வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

நீ அங்கே கல்லா மண்ணா சொல்லிக்கொடுத்தாய். தூண்களைச் சுற்றியிருக்கும் மேடை கல், தரை மண். மாடிப்படியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. இந்தக் கட்டடத்தில் இத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதே, ஆறு வருடமாகக் குடியிருக்கும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. “ஒன் மண்ணுல நிக்கிறேனே, ஒன் மண்ணுல நிக்கிறேனே” என்று நிம்மி கத்திய கத்தல் மூன்றாம் மாடிக்குக் கேட்டது. கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடியே பயம் வந்துவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மழை படாத இடத்துக்கு எதற்குக் குடை எடுத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான் கடைசிப் படியில் இருக்கும்போதே செயலாளர் வந்துவிட்டார். மற்ற பிள்ளைகள் சிதறி ஓடிவிட்டார்கள். நம் பிள்ளைகள் மட்டும் தூண்மேடையில் ஏறி நின்றார்கள், அங்கே நின்றால் யாரும் தொடமுடியாது என்று நம்பிக்கொண்டு. அவர் உன்னைப் பார்த்து, “படிச்சவருதான நீங்க? போர்டு கண்ணுல படலையா? கார்ல கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது?” என்றார். நீ, “தெரியாமப் போச்சு சார், மன்னிச்சிருங்க” என்று கையைக் கூப்பினாய். அத்தோடு விட்டாரா? “தாய் இல்லாம பிள்ளைகள மட்டும் கூட்டிட்டுச் சுத்துனா இப்படித்தான். அவங்க வந்திருந்தா ஒரு கட்டுப்பாடு இருக்கும்” என்றார். வார்டில் கால் கடுக்க நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை, முகம் பார்த்தறியாத ஒருவர், நீ தகப்பனாக இருந்ததற்காகக் குறை சொன்னார். அதற்கும் நீ, “சரி சார்” என்றாய். அந்த ‘சரி’யை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

அதற்குள் ஆரோன் பலகைக்கு முன்னால் போய் நின்று எழுத்துக்கூட்ட ஆரம்பித்திருந்தான். “வாகனம் நிறுத்தும் இடத்தில் குழந்தைகள் விளையாடக் கூடாது.” படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். “தாத்தா, இது நீங்க எனக்கு எழுதுற பர்த்டே கார்டு மாதிரியே இருக்கு. ஒங்க கையெழுத்தா?” ஆமாம், என் கையெழுத்துதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காரின் பக்கக் கண்ணாடி உடைந்தபோது கூட்டம் போட்டார்கள். நான் சங்கத்தில் துணைச் செயலாளர். “வாத்தியார் எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும், அவரே எழுதட்டும்” என்றார்கள், நான் பூரித்துப் போனேன். அதோடு நிற்கவில்லை. அவர்கள் சொன்ன வாசகத்தில் ‘விளையாட வேண்டாம்’ என்றுதான் இருந்தது. ‘கூடாது’ என்று போட்டால்தான் அழுத்தமாக இருக்கும் என்று சொல்லித் திருத்தியவன் நான். முப்பது வருடம் பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்தியவன், குழந்தைகளுக்கு எதிராகச் செய்த திருத்தம் அது.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? அந்த மனிதர் கெட்டவர் இல்லை. உன் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட அன்று ஆட்டோ கிடைக்காமல் தவித்தபோது, தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அந்த நன்றியும், நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற கூச்சமும் சேர்ந்து என் நாக்கைக் கட்டிவிட்டன. நான் உன்னைப் பார்த்து, “பிள்ளைகளைக் கூட்டிட்டு மேல வாப்பா” என்றேன். அதைச் சொல்லும்போது நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குப் புதிது இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் செல்லூரில் இதே பார்வையை உன் ஆறு வயது முகத்தில் பார்த்திருக்கிறேன்.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. அப்போது நாம் செல்லூரில் ஒற்றை அறை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். முன்பக்கம் வீட்டுக்காரரின் தறிக்கூடம், பின்பக்கம் நாம், அவர் குடும்பம் மாடியில். அதுவும் ஒரு மழைக்கால சனிக்கிழமை. பொருட்காட்சிக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தேன், மழையைச் சாக்கு வைத்துப் படுத்துவிட்டேன். நீ ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்து சந்தில் ஓடும் தண்ணீரை வேடிக்கை பார்த்தாய். மத்தியானம் வீட்டுக்காரர் கத்திக்கொண்டு வந்தார். தறிக்கூடத்துப் பக்கக் கதவை யாரோ திறந்து போட்டு, சாரல் அடித்து, நூல் கட்டுகள் நனைந்துவிட்டன. “ஒம்மகன்தான்யா தொறந்திருப்பான். பிள்ளையைக் கட்டிப்போட முடியலைன்னா வீட்டைக் காலி பண்ணு” என்றார். கதவைத் திறந்தது அவருடைய சொந்த மகன். நான் பாதித் தூக்கத்தில், நம் ஜன்னல் வழியாக, என் கண்ணால் பார்த்தேன். நீ இடத்தை விட்டு அசையவே இல்லை.

“நான் செய்யலையேப்பா” என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “செஞ்சியோ செய்யலையோ, மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா.” நீ ஏறிப் போனாய். அவர் எட்டு வயது மகன் பக்கத்தில் நின்று சிரிக்க, நீ கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டாய். நான் படிக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு வீடு கிடைக்குமா, பாதி வருடத்தில் எங்கே போவது என்ற பயம் எனக்கு. என் பயத்தை உன் தலையில் ஏற்றி அனுப்பினேன். உன் அம்மாவுக்குக்கூட இந்த உண்மையை நேற்றுத்தான் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, “அப்ப அவன் ரெண்டு நா யாரோடயும் பேசலையே, அது இதுனாலயா?” என்று கேட்டாள். மீதிப் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டாள். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆக, நீ செய்யாத தப்புக்குக் கை கூப்பியது இது முதல் தடவை இல்லை. அந்தப் பழக்கத்துக்கு அஸ்திவாரம் போட்டவன் நான். வாடகை வீட்டில் இருந்தபோது பயந்தேன். சொந்த வீடு வந்ததும் அடுத்தவர் பிள்ளைகளைப் பயமுறுத்திப் பலகை எழுதினேன். இதைவிடக் கேவலமான முன்னேற்றம் ஒரு மனிதனுக்கு இருக்க முடியுமா? இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன், அதட்டிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள். உன் பிள்ளைகள் தப்புச் செய்தால் மன்னிப்புக் கேட்கச் சொல். செய்யாததற்குக் கேட்கச் சொல்லாதே, நீயும் கேட்காதே. அவர்களுக்கு முன்னால் கேட்கவே கேட்காதே. அன்று சாயங்காலம் நிம்மி பாத்ரூமுக்குக் கால் விரல் நுனியில் நடந்து போனாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உன்னைப் பார்த்து ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டாள். மறுநாள் நான் ஆராதனை முடிந்து நனைந்துகொண்டு வந்தபோது நீ பையைக் கட்டிக்கொண்டிருந்தாய். ராத்திரி ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, “இப்பவே பஸ்ல போறேன்ப்பா, இனி வெயில் காலத்துல வாரோம்” என்றாய். லிஃப்டில் ஆரோன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, இங்க பசங்க எங்கதான் வெளையாடுவாங்க?” என்று கேட்டான்.

திங்கட்கிழமை காலையில் செயலாளர் வீட்டுக்குப் போனேன். பலகையை எடுத்துவிடச் சொன்னேன். என் மருமகளைப் பற்றிப் பேசிய பேச்சு தப்பு என்றும் சொன்னேன். அவர் காபியை வைத்துவிட்டு, “என்ன சார், நீங்க எழுதுன போர்டுதான? பொதுக்குழுவுல முடிவு பண்ணுனதை நான் ஒருத்தன் எப்படி மாத்த முடியும்? மருமகளைப் பத்தி வாய் தவறி வந்திருச்சு, விடுங்க” என்றார். விடவில்லை. துணைச் செயலாளர் பதவி வேண்டாம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் வெறும் ராஜினாமாவால் எந்தப் பிள்ளைக்கு என்ன லாபம் என்று தோன்றியது. ஒரு கிழவன் கோபித்துக்கொண்டான், அவ்வளவுதானே. வெள்ளிக்கிழமை வரை மனசு ஆறாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். பிறகு பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன்.

இந்தச் சனிக்கிழமையும் மழை. மூன்று மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். உனக்குத் தெரியும், எனக்குக் கார் கிடையாது. ஆனால் வீட்டோடு சேர்த்துக் கார் நிறுத்த ஓர் இடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஏழாம் எண். என் பழைய ஸ்கூட்டர் ஒரு மூலையில் நிற்கும், மீதி சும்மா கிடக்கும். ஸ்கூட்டரை மழையில் தள்ளி நிறுத்திவிட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மாடிப்படியைப் பார்த்து, “யாராச்சும் கல்லா மண்ணா வெளையாட வாரீங்களா?” என்று வகுப்பறைக் குரலில் கூப்பிட்டேன். இரண்டாம் மாடிப் பெண் முதலில் வந்தாள், பிறகு அவள் தம்பி, பிறகு மூன்று பேர். அந்த இடத்தில் தூண் மேடை கிடையாது, அதனால் சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டு அதைக் கல் என்று வைத்துக்கொண்டோம். மஞ்சள் கோட்டைத் தாண்டினால் அவுட். கார் அளவு இடத்தில் ஐந்து பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு விளையாடினார்கள்.

செயலாளர் வந்தார். “சார், ரூல்ஸ் ரூல்ஸ்தான்” என்றார். நான் எழுந்திருக்கவில்லை. “இது என் பத்திரத்துல இருக்குற இடம் சார்” என்றேன். “இது கார் நிறுத்துற இடம்.” “எங்கிட்ட காரு இல்லையே. பிள்ளைக நிக்கிது.” அவர், “அடுத்த கூட்டத்துல இதைப் பேசாம விடமாட்டேன்” என்றார். பேசட்டும். அவர் கோபமாக நின்றுகொண்டிருக்கும்போதே எட்டாம் எண்ணுக்குரிய கணேசன், சிம்மக்கல்லில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், காரை உள்ளே கொண்டுவந்தார். பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்கள். அவர் கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், சாக்பீஸ் வட்டங்களைப் பார்த்தார். பிறகு காரைப் பின்னால் எடுத்தார். தெருவில், கொட்டுகிற மழையில் நிறுத்திவிட்டு, தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். “என் எடத்தையும் சேத்துக்கங்கண்ணே. ஒரு கார் எடத்துல அஞ்சு பிள்ளைக எப்படி ஓடும்?” என்றார். இரண்டு இடத்துக்கும் நடுவிலிருந்த மஞ்சள் கோட்டை அந்த இரண்டாம் மாடிப் பெண்தான் முதலில் தாண்டினாள்.

இதை நான் வெற்றி என்று சொல்லவில்லை. பலகை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் என்னைக் கிழிக்கப் போகிறார்கள். கிழிக்கட்டும். சாராவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவளைப் பற்றி ஒருவர் பேசியபோது நான் சும்மா நின்றேன் என்பதையும் அவள் படிக்கட்டும், என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டட்டும். செல்லூர் வீட்டு மாடிப்படியில் நீ ஏறிப் போனதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்க வேண்டியவன் கேட்கிறேன், நீ பதிலுக்கு ‘பரவாயில்லப்பா’ என்று அனுப்பாதே. ‘பரவாயில்லை’ என்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. வெயில் காலம் வரைக்கும் காத்திருக்காதே, டிக்கெட் போடும்போது வானத்தைப் பார்க்காதே. கிறிஸ்துமஸ் லீவுக்குச் சாராவையும் கூட்டிக்கொண்டு வா. ஆரோன் நாற்காலியை இழுக்கட்டும், நிம்மி செருப்பு போட்ட காலோடு வீடெல்லாம் திம் திம்மென்று ஓடட்டும். யாராவது வந்து வாசல் மணியை அடித்தால் நீ எழுந்திருக்க வேண்டாம். கதவைத் திறக்கப் போகிறவன் நான்.

உன் அப்பா